எஞ்சினைக் கடைசியாக வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் (பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள்) வீட்டுக் கொல்லைகளில் தார்ப்பாய் போர்த்திய பழைய கார்களை ஆங்காங்கே பார்க்கலாம். பெரும்பாலும் நம்மவர் 'டிஎக்ஸ்' என்று அழைக்கும் டொயோட்டா கொரோலா கேஇ70. சில இடங்களில் டட்சன் 120ஒய். பக்கத்திலேயே பலகை மேல் ஹாஃப்கட் கடை (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களின் உதிரி விற்கும் கடை) எஞ்சின் ஒன்று உட்கார்ந்திருக்கும். காரும் எஞ்சினும் சேராமலேயே இரண்டு மூன்று தீபாவளியைக் கடந்துவிடும். காசு தீர்ந்துபோனது என்பார்கள். காசு ஏன் தீர்ந்தது என்று கேட்டால், எஞ்சின் மாற்றும் வேலையைத் தலைகீழாகத் தொடங்கியதுதான் காரணம் என்று தெரியவரும். முதலில் எஞ்சினை வாங்கிவிடுகிறார்கள். கியர்பாக்ஸ், பிரேக், பெட்ரோல் குழாய், அரசாங்கக் காகிதம் எல்லாம் பிறகுதான் நினைவுக்கு வருகின்றன. தங்கள் நாளிதழ் தோட்டப்புற இளைஞர்கள் கைக்கும் பட்டறைகளுக்கும் போவதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1960களின் கமாரோ, மஸ்டாங் போன்ற 'மஸல்' கார்களில் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் குடும்பத்து வி8 எஞ்சினை ஏற்றுகிறார்கள். 1997 கார்வெட்டில் வந்த எல்எஸ்1 தொடங்கி, 6.2 லிட்டர் எல்எஸ்3 வரை அந்தக் குடும்பம் பெரியது. அதோடு டி56 ஆறு கியர் பெட்டி. அங்கும் ஆயில் சம்ப் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கிராஸ் மெம்பரில் (எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இடிக்கிறது, கியர்பாக்ஸுக்காகத் தரைத் தகட்டை வெட்ட வேண்டியிருக்கிறது, கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் குழாய் 58 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குத் தாங்குவதில்லை. நம் டிஎக்ஸில் எஞ்சின் சிறியது, அவ்வளவே. இடிக்கும் இடங்கள் அவைதாம்.

கேஇ70இல் பிறவியிலேயே வந்தது 4கே எஞ்சின்: 1,290 சிசி, புஷ்ராடு, கார்புரேட்டர், பின்சக்கர ஓட்டம். அதற்குப் பதிலாகப் பலர் தேடுவது டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ 20 வால்வு எஞ்சின். அதில் இரண்டு வகை. 1991இல் முன்சக்கர ஓட்டக் கொரோலா ஏஇ101இல் வந்த 'சில்வர் டாப்' 160 குதிரைத்திறன், 1995இல் ஏஇ111இல் வந்த 'பிளாக் டாப்' 165. இரண்டும் 1,587 சிசி. ஜப்பானியத் தொழிற்சாலைக் கணக்கு இது. முப்பது வயதான எஞ்சினிடம் அதையே எதிர்பார்க்க வேண்டாம். பிளாக் டாப்பின் கம்ப்ரெஷன் 11:1. ஜப்பானிய உயர்ரகப் பெட்ரோலுக்காகச் செய்தது என்பதால் இங்கே ரோன் 97 ஊற்றுவதே நல்லது.

வம்புக்கு வேர் எங்கே என்றால், இந்த எஞ்சின் முன்சக்கரக் காரில் குறுக்கே படுத்திருந்தது. நாம் அதை நெடுக்காகத் திருப்பி வைக்கிறோம். கியர்பாக்ஸ் பக்கமிருந்த முனை இப்போது ஃபயர்வாலை (எஞ்சின் அறைக்கும் பயணிகளுக்கும் நடுவிலுள்ள தகடு) பார்க்கிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் அந்த முனையில்தான் இருக்கிறது, அது தகட்டில் முட்டும். சிலர் சுத்தியலால் தகட்டைக் குழித்து இடம் பண்ணுகிறார்கள். சிலர் டிஸ்ட்ரிபியூட்டரையே எடுத்துவிட்டு, காயில் பேக்கும் புதிய ஈசியுவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போடுகிறார்கள். இரண்டாவது சுத்தமான வேலை, ஆனால் ட்யூன் செய்யத் தெரிந்தவர் வேண்டும். கொதிநீர் வெளியேறும் வாயும் அதே முனையில்தான். அதிலிருந்து குழாயை வளைத்து முன்னால் ரேடியேட்டர் வரை கொண்டுவர வேண்டும்.

முன்சக்கரக் காரின் ஆயில் சம்ப் கிராஸ் மெம்பர் மேல் உட்காராது. பின்சக்கர ஓட்டக் கொரோலாவான ஏஇ86இன் சம்ப்பும் அதற்குரிய ஆயில் உறிஞ்சு குழாயும் தேடுங்கள். ஆயில் அளவுக்கம்பியும் அந்தச் சம்ப்போடு பொருந்த வேண்டும். பழைய கம்பியை அப்படியே செருகினால் அது காட்டும் அளவு பொய். 'ஆயில் சரியாகத்தானே இருந்தது' என்று பேரிங் போன பிறகு தலையில் கைவைப்பவர்கள் உண்டு. கிராஸ் மெம்பரையும் 4கே உடையதோடு விட்டுவிடாமல் ஏ வரிசை எஞ்சினோடு வந்த ஏஇ71 அல்லது ஏஇ86 உடையதாக மாற்றிவிட்டால், எஞ்சின் மவுண்டுக்காக வெல்டிங் வைக்கத் தேவையில்லை.

இனி கியர்பாக்ஸ். எஞ்சினோடு கட்டி விற்கும் கியர்பாக்ஸ் முன்சக்கரத்துக்கானது. உங்கள் டிஎக்ஸுக்கு அது பழைய இரும்பு. காரிலிருக்கும் கே வரிசைக் கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கும் (எஞ்சினோடு பூட்டும் முன் கூடு) ஏ வரிசை எஞ்சினின் போல்ட் துளைகளோடு சேராது. ஏஇ86இன் டி50 ஐந்து கியர் பெட்டிதான் வழக்கமான தீர்வு. எஞ்சின் கடைக்குக் கடை கிடைக்கிறது. நல்ல டி50 அரிது, விலையும் ஏறிவிட்டது. கியர்பாக்ஸ் கைக்கு வந்த பிறகே எஞ்சினுக்குக் காசு கொடுங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். வாங்கும்போதே கிளட்ச் கேபிளில் இயங்குவதா, ஹைட்ராலிக்கா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக் என்றால் பெடலோடு மாஸ்டர் பம்பும் மாற வேண்டும்.

இரண்டு சின்ன விஷயம் நிறைய பேரைக் கவிழ்க்கிறது. முன்சக்கர எஞ்சினின் கிராங்க் முனையில் பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்குவது) இருக்காது, டி50இன் ஷாஃப்டுக்கோ அது கட்டாயம். மறந்து பூட்டினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. போகப்போகக் கிளட்ச் சரியாக விடாது, கியர் கடிக்கும், பெட்டியின் முன் பேரிங் கத்தத் தொடங்கும். துளையையும் ஷாஃப்டையும் அளந்து, பேரிங்கைத் தட்டி இறக்கிவிட்டே மூடுங்கள். மற்றது ஃப்ளைவீல். தொடக்ககால 4ஏ-ஜிஇ கிராங்கில் 6 போல்ட், 20 வால்வில் 8. ஏஇ86 ஃப்ளைவீலை வாங்கி வைத்துக்கொண்டு துளை சேரவில்லை என்று நின்றால் குற்றம் கடைக்காரர் மேல் இல்லை.

புரொப்பெல்லர் ஷாஃப்டைப் புதிய நீளத்துக்கு வெட்டி, பேலன்ஸ் செய்தே போட வேண்டும். கியர்பாக்ஸ் வெளிமுனையும் டிஃபரன்ஷியல் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். கோணமானி வைத்து அளந்தால் இரண்டுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இருந்தால் வேகம் கூடக்கூடத் தரை அதிரும், கிராஸ் ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். டயரை பேலன்ஸ் செய்து செய்து பார்ப்பார்கள், அதிர்வு போகாது.

டிஃபரன்ஷியல் விகிதமும் கணக்கில் வரட்டும். டி50இன் ஐந்தாம் கியர் 0.861. 4.3 விகித டிஃபரன்ஷியலும் 185/60 ஆர்14 டயரும் போட்டால், நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,700 சுற்றில் ஓடும். 3.9 விகிதத்தில் 3,400. இழுவை வேண்டுமா, கோலாலம்பூர்ப் பயணத்தில் காது அமைதி வேண்டுமா என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

சூடு விஷயத்தில் பல பட்டறைகள் ஒரே தவற்றைச் செய்கின்றன. நம் ஊரில் ஹீட்டர் தேவையில்லை என்று ஹீட்டருக்குப் போகும் குழாய், பைபாஸ் குழாய் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார்கள். இந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட் நீர் உள்ளே நுழையும் பக்கம், பம்ப் வாயில் இருக்கிறது. தலைப்பகுதியில் சூடான நீர் பைபாஸ் வழியே சுற்றிவந்து அதைத் தொட்டால்தான் அது திறக்கும். பாதையை அடைத்துவிட்டால், எஞ்சின் கொதிக்கும்போதும் தெர்மோஸ்டாட் குளிர்ந்த நீரில் உட்கார்ந்துகொண்டு திறக்காமல் இருக்கும். பிறகு 'தெர்மோஸ்டாட் கெட்டது' என்று அதைக் கழற்றி எறிவார்கள். அப்போது எஞ்சின் பதமான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். ஹீட்டரை எடுத்தால் அதன் இரண்டு முனைகளையும் ஒரு குழாயால் இணைத்துவிடுங்கள். பைபாஸைத் தொடாதீர்கள். வெறும் பைப்புத் தண்ணீர் ஊற்றாமல் கூலண்ட் ஊற்றுங்கள், அலுமினியத் தலை அரிக்கும்.

பெட்ரோல்தான் உயிரோடு விளையாடும் இடம். கார்புரேட்டர் பம்ப் தரும் அழுத்தம் 3, 4 பிஎஸ்ஐ. ஊசி முறை (இன்ஜெக்ஷன்) எஞ்சினுக்கு 40 பிஎஸ்ஐயை ஒட்டி வேண்டும். பழைய ரப்பர் குழாயை அப்படியே மாட்டினால், எக்ஸாஸ்டுக்கு மேல் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். ஊசி முறைக்கென்றே விற்கும் உயர் அழுத்தக் குழாய், அதற்கென்ற கிளிப், 8 மில்லிமீட்டர் இரும்பு லைன், தொட்டிக்குத் திரும்பும் லைன் என்று நான்கும் புதிதாக வேண்டும். மின்பம்ப் தள்ளும், உறிஞ்சுவதில் அது சோம்பேறி. ஆகவே தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே, கல் படாத இடத்தில் பூட்டுங்கள்.

டிஎக்ஸ் தொட்டி கார்புரேட்டருக்காகச் செய்தது. பெட்ரோல் கால் தொட்டிக்குக் குறைந்து, வளைவில் ஒதுங்கினால், பம்ப் காற்றை இழுக்கும். அழுத்தம் விழுந்து எஞ்சின் இருமும். ஒன்று அல்லது இரண்டு லிட்டர் கொள்ளும் சர்ஜ் டேங்க் (பம்புக்கு எப்போதும் பெட்ரோல் இருக்கும்படி வைக்கும் இடைத்தொட்டி) வைத்தால் இது தீரும். அதைச் சீட்டுக்குப் பின்னால் பயணிகள் பக்கம் வைக்காதீர்கள்.

பம்புக்கு மின்சாரத்தை சாவியிலிருந்து நேராக எடுப்பது மிகச் சுலபம், மிக ஆபத்தும் அதுதான். கார் மோதி எஞ்சின் நின்றாலும், சாவி போட்டபடி இருந்தால் அறுந்த குழாய் வழியே பம்ப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சின் சுற்றாவிட்டால் பம்பை நிறுத்தும் ரிலேயை டொயோட்டா கொடுத்திருக்கிறது. வயரிங்கில் அதை விட்டுவிடக்கூடாது.

வயரிங் என்றதும் ஒன்று. ஈசியுவோடு வெட்டுப்படாத முழு வயர்க் கட்டும் வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். கட்டை அறுத்துத் தனித்தனியாக விற்கும் எஞ்சின் மலிவுதான். வண்ணம் மாறிய ஒவ்வொரு வயரையும் தேடும் கூலி அதை விழுங்கிவிடும். எர்த் வயரைப் பேட்டரிக்கும் எஞ்சினுக்கும் பாடிக்கும் தனித்தனியாகப் பட்டையாகப் போடுங்கள். எஞ்சின் தன்னிச்சையாக ஏறி இறங்கினால் பாதிக்கு மேல் காரணம் எர்த்தில் இருக்கும்.

கடையில் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு சிலிண்டர் கம்ப்ரெஷனையும் அளக்கச் சொல்லுங்கள். த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் குறைவாகக் காட்டும். நான்குக்கும் இடையில் 14 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு எஞ்சின் பாருங்கள். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் பின் சீல் ஆகியவற்றை எஞ்சின் வெளியில் இருக்கும்போதே மாற்றுங்கள். உள்ளே போன பிறகு பின் சீலுக்காகக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருக்கும்.

20 வால்வின் நான்கு த்ராட்டில் வாய்களும் திறந்தபடி பளபளக்கும். படத்துக்கு அழகு. எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையிலோ, செம்பனைப் பழ லாரிக்குப் பின்னால் ஒரு வாரம் ஓடினால், அந்தத் தூசி சிலிண்டருக்குள் உப்புத்தாள் வேலை செய்யும். ஏர் ஃபில்டர் பெட்டியோடு ஓட்டுங்கள். சம்ப்புக்கு அடியில் ஒரு இரும்புத் தகடும் இருக்கட்டும், கங்காணி வீட்டு மேடு தாண்டும்போது அதன் அருமை தெரியும்.

பிரேக்கைச் சுருக்கமாகச் சொல்கிறோம்: எழுபது குதிரைத்திறனை ஒட்டிய காருக்குப் போட்ட பிரேக் இது. ஏஇ86இன் முன் ஸ்ட்ரட்டும் காற்றோட்ட டிஸ்க்கும் பொருந்தும், வீல் துளை அளவு 4x114.3 மாறாது. நான்கு த்ராட்டில் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கான வெற்றிடத்தை ஒரு குழாயிலிருந்து மட்டும் எடுத்தால் பெடல் கல்லாகும். நான்கிலிருந்தும் சேர்த்து, ஒருவழி வால்வோடு எடுங்கள். காரை இந்த பிரேக்கோடு பழைய 4கேயிலேயே ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பதுதான் எங்கள் விருப்பம்.

காகித வேலைக்குத்தான் நம்மவர் அதிகம் பயப்படுகிறார்கள். சாலை வரி ஒரு பொருட்டே இல்லை. தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1,290 சிசிக்கு 70 வெள்ளி, 1,587 சிசிக்கு 90 வெள்ளி. இருபது வெள்ளிதான் வித்தியாசம். 1,998 சிசி எஞ்சின் ஏற்றினால்தான் அது 379 வெள்ளிக்குத் தாவும். பெரிய விஷயம் எஞ்சின் எண். கிரானில் (கார் உரிமைச் சான்றிதழ்) இருக்கும் எண்ணும் எஞ்சினில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். பூட்டிய பிறகு பரிசோதனை, அதற்குப் பிறகு கிரானில் மாற்றம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால், இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

இவ்வளவுக்கும் அடிப்படை, எஞ்சின் வாங்கிய கடை தரும் இரண்டு தாள்: எஞ்சின் எண் எழுதிய ரசீது, சுங்கத்துறையின் கே1 இறக்குமதிப் படிவ நகல். 'அதெல்லாம் அப்புறம் தருகிறேன் தம்பி' என்று கடைக்காரர் சொன்னால், எஞ்சின் எவ்வளவு சுத்தமாக ஓடினாலும் அதை லாரியில் ஏற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய கார் பழுதுபார்ப்பவர்கள் சிலர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.