மாரிக்கு முன் செம்மறிகளுக்கு நுரையீரல் புழுப் பரிசோதனை நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆடு வளர்ப்போர்,
வெல்லாவெளி, மட்டக்களப்பு மாவட்டம்.

பெறுநர்:
பிரதிப் பணிப்பாளர்,
கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம்,
மட்டக்களப்பு.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

போன மாரியில் எங்கள் செம்மறிகள் இருமத் தொடங்கியபோது மழைக் குளிர் என்றுதான் நினைத்தோம். சளிக்கு மருந்து வாங்கிப் போட்டோம், குறையவில்லை. நாலு அடி ஓட்டினால் நின்று இருமும். மூக்கு வடியும். தீன் தின்றும் உடம்பு வற்றிக்கொண்டே போனது. செத்த கிடாய் ஒன்றை அறுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. மூச்சுக்குழாய்க்குள் நுரையோடு வெள்ளை நூல் மாதிரிப் புழுக்கள், சில விரல் நீளம் இருந்தன.

இந்தப் புழுவின் குஞ்சுகள் இருமலில் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, புழுக்கையோடு வெளியே போகின்றன. ஈரப்புல்லில் ஒரு கிழமையளவில் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். அந்தப் புல்லைத் தின்ற ஆட்டுக்குள் ஐந்து கிழமையளவில் முற்றி, மறுபடி குஞ்சு போடும். நத்தை வழியாகப் பரவும் சிறு இனங்களும் உண்டு. பெரும்போகம் விதைத்தபின் வயல்பக்கம் ஆடு விட முடியாது. எல்லாப் பட்டியும் குளக்கரையிலும் மேட்டுத் துண்டுகளிலும்தான் நெருக்கியடித்து மேய்கின்றன. புழுவுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஆகவே ஐப்பசி மழை பிடிப்பதற்குள் எங்கள் பகுதியில் ஒருநாள் நடமாடும் சிகிச்சை முகாம் வைத்துத் தரவேண்டும். வெறுமனே புழு மருந்து பகிர்ந்துவிட்டுப் போவதை நாங்கள் கேட்கவில்லை. குடற்புழுவுக்கு முட்டை பார்க்கும் பரிசோதனையில் இது சரியாகப் பிடிபடாது; புழுக்கையில் குஞ்சுப்புழுவைத் தேடவேண்டும். அதுவும் புதுப் புழுக்கையாக இருக்கவேண்டும். வெயிலில் நாள்பட்டால் குடற்புழு முட்டைகளும் பொரித்து, எது எதுவென்று குழப்பிவிடும். அதனால் மாதிரியை அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக ஒரு வாகனம் தேவை.

அப்புறம், ஆடு நிறுக்க ஒரு தராசு. கண்மதிப்பில் மருந்து ஊற்றித்தான் பழகிவிட்டோம், அது எங்கள் பிழை. அளவு குறைந்தால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிடுகிறது. லெவாமிசோல் போன்ற புழு மருந்து கூடினால் ஆட்டுக்கே நஞ்சு. சினை மறிகளுக்கு எதைக் கொடுப்பது, மருந்து கொடுத்தபின் எத்தனை நாளைக்கு இறைச்சிக்கு விற்கக்கூடாது என்பதையும் வைத்தியர் நேரில் சொல்லித் தந்தால் நல்லது.

திகதியை முன்கூட்டி அறிவித்தால் அன்று ஆடுகளை மேய்ச்சலுக்கு விடாமல் பட்டியில் அடைத்து வைத்திருப்போம். விடியற்காலைப் புழுக்கையையும் ஆட்டுக்கு ஆடு தனித்தனியாக எடுத்து வைப்போம்.

இப்படிக்கு,
வெல்லாவெளி ஆடு வளர்ப்போர்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)