"தைரியமா இருங்க" என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பற்றி எழுதினால் மருந்தும் செலவும்தான் பக்கத்தை நிறைக்கின்றன. வீட்டில் இருப்பவர்கள் மனதளவில் எப்படித் தாக்குப்பிடிப்பது என்பது வருவதேயில்லை. என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் செய்த முதல் தப்பு, அவளிடம் மறைத்தது. ஐந்து வயசுக்கு என்ன புரியும் என்று இருந்துவிட்டோம். ஒரு ராத்திரி, "தம்பியை அடிச்சதுக்குத்தான் ஊசி போடறாங்களாம்மா?" என்று கேட்டாள். அந்த வயதில் குழந்தைகள் இப்படித் தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வது சகஜம் என்று அப்புறம்தான் மனநல ஆலோசகர் சொன்னார். நோயின் பெயரைச் சொல்லி, நீ செய்த எதனாலும் இது வரவில்லை, தம்பிக்கும் ஒட்டாது என்று பேசிய பிறகுதான் ஒழுங்காகத் தூங்கினாள்.

"வலிக்காது" என்ற பொய்யையும் விட்டோம். கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிந்துவிடும், எந்தக் கை என்று நீ சொல்லு, என் மடியில் உட்காருகிறாயா என்று கேட்க ஆரம்பித்தோம். வீட்டில் ஊசி இல்லாத சிரிஞ்சை வைத்து பொம்மைக்கு அவளே வைத்தியம் பார்த்தாள் (பொம்மைக்கு திட்டும் விழுந்தது, என் குரலில்!). ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களில் வரும் கோபமும் அழுகையும் ஓயாத பசியும் மருந்தின் வேலை என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவளை அவ்வளவு அதட்டியிருக்க மாட்டேன். அந்த நாட்களை காலண்டரில் வட்டமிட்டு வைத்தோம், அன்று யாரும் அவளோடு மல்லுக்கு நிற்பதில்லை.

தம்பியைத்தான் மறந்துவிட்டோம். தினமும் வயிற்றுவலி என்றான், ஸ்கேனில் ஒன்றுமில்லை. தினம் கால் மணி நேரம், நோய்ப் பேச்சே இல்லாமல் அவனுக்கென்று மட்டும் உட்கார்ந்தோம், வலி மெல்லக் குறைந்தது.

சொந்தக்காரர்கள் எல்லோரும் "தைரியமா இருங்க" என்றார்கள். சரி, அழுவதற்கு எங்கே போவது? எனக்குக் கைகொடுத்தது அதே வார்டில் இருந்த இன்னொரு அம்மாதான். சிகிச்சை முடிந்தும் பயம் போகவில்லை, ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே தூக்கம் போய்விடுகிறது.

புற்றுநோய் வந்த குழந்தைகளில் 2030-க்குள் குறைந்தது 60 சதவீதம் பேரையாவது பிழைக்க வைப்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. அந்தச் செய்தியைப் போடும்போது பக்கத்திலேயே ஒரு மனநல ஆலோசகரையும் எழுத வையுங்கள், முக்கியமாக உடன்பிறந்த குழந்தைகளைப் பற்றி.

இப்படிக்கு,
ஒரு அம்மா