கோப்பிக் கொட்டையை ஈரப்பதன் பார்த்து, மலையகச் சிறு செய்கையாளர் சங்கங்களிடம் நேரடியாகக் கொள்வனவு செய்ய அனுமதி கோரல்

கூட்டுறவு அபிவிருத்தி ஆணையாளர் அவர்கள்,
வடக்கு மாகாணம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

யாழ் மாவட்டத்தில் கோப்பித்தூள் அரைத்து விற்கும் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களாகிய நாம் பணிவுடன் சமர்ப்பிப்பது:

கோப்பிக் கொட்டை இப்போது ஆகக் குறைந்த விலை கோரியவரிடமே வாங்கப்படுகிறது. நிறை மட்டுமே பார்க்கப்படுவதால் ஈரக்கொட்டைதான் மலிவாகத் தெரிகிறது. 16 வீத ஈரப்பதனுள்ள 100 கிலோவை 12 வீதத்துக்கு உலர்த்தினால் எஞ்சுவது ஏறக்குறைய 95½ கிலோ. மீதி 4½ கிலோ தண்ணீருக்கும் கோப்பி விலையே கொடுக்கிறோம். மலையக அறுவடை நடக்கும் கார்த்திகை, மார்கழியில் இங்கு மாரி மழை. அந்தக் கொட்டை சாக்கோடு சீமெந்துத் தரையில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அடிச்சாக்கைப் பிரித்தால் கொட்டை வெளிறி, ஊத்தை மணம் அடிக்கும். கருக வறுத்தும், மல்லி, சுக்குச் சேர்த்தும் மணத்தை அடக்கலாம். ஆனால் பூஞ்சண நச்சான ஒக்ராடொக்சின் வறுப்பதால் முழுவதும் நீங்காது. தடிமன், காய்ச்சலுக்கு வீடுகளில் குடிக்கிற தூளை இப்படி விற்க எமக்கு மனம் ஒப்பவில்லை.

கொத்மலை, ஹங்குராங்கெத்த, மாத்தளைப் பக்கங்களில் சிறு செய்கையாளர்கள் நல்ல கொட்டை தர வல்லவர்கள். ஆனால் அதற்கு வேலை அதிகம். சிவந்த பழத்தை மட்டும், இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது மரத்துக்குத் திரும்பிப்போய் ஆய வேண்டும். தண்ணீரில் போட்டு மிதப்பதை நீக்கி, அன்றைக்கே தோலுரிக்க வேண்டும்; பிந்தினால் புளிப்பேறும். தொட்டியில் நொதிக்க விட்டு, விரலால் தேய்க்கும்போது வழுவழுப்புப் போய்ச் சொரசொரத்ததும் கழுவ வேண்டும். குளிர் கூடிய இடத்தில் இதற்கு ஒன்றரை நாளும் செல்லும். பின் நிலத்தில் பரப்பாமல் வலைத்தட்டில், அடிக்கடி கிளறி, 11–12 வீதம் வரை காயவிட வேண்டும். ஐந்தாறு கிலோ பழத்தில் ஒரு கிலோ கொட்டைதான் தேறும். கையில் காசில்லாதவர் இத்தனைக்கும் காத்திருக்க முடியாமல் பச்சையும் பழமுமாகக் கொப்பை உருவி விற்றுவிடுகிறார். இரண்டுக்கும் ஒரே விலை என்றால் அவரைக் குறைசொல்ல இடமில்லை.

ஆகவே, ஈரப்பதன் 12 வீதத்துக்கு மேற்படாத கொட்டையை மட்டுமே ஏற்கவும், மலையகச் சங்கங்களோடு நேரடி உடன்படிக்கை செய்து, அறுவடைத் தொடக்கத்தில் பெறுமதியின் மூன்றிலொரு பங்கை முற்பணமாக வழங்கவும் அனுமதி தருமாறு வேண்டுகிறோம். கொட்டையை மூடியிருக்கும் மெல்லிய உள் ஓட்டோடு அனுப்பினால் அதற்குப் பாதுகாப்பு. ஓடு நீக்கும்போது ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு நிறை குறைவதை விலையில் கணக்கிட வேண்டும். களஞ்சியம் ஒவ்வொன்றுக்கும் ஈரப்பதன்மானி ஒன்றும், சாக்கு அடுக்க மரத்தட்டுகளும் தேவை. மானி கோப்பிக்கென அளவு திருத்தியதாக இருக்க வேண்டும். நெல்லுக்குரியது பிழையான அளவு காட்டும்.

புரட்டாதிக்குள் தங்கள் முடிவு கிடைத்தால், முற்பணம் முதற்பழம் ஆய முன்னரே போய்ச் சேரும்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
சங்க உறுப்பினர்கள்,
யாழ்ப்பாணம்.