பயூவுக்குக் குழுவாக வரும் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பயூக்கள், அதாவது மெதுவாக நகரும் சதுப்பு ஓடைகள், நிறைந்த அமெரிக்காவின் தென் லூசியானாவுக்கு நம்மவர்கள் குழுவாக வரும்போது நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் நியூ ஆர்லியன்ஸில் தங்கல், அரைநாள் ஏர்போட் என்னும் விசிறிப் படகில் முதலை பார்த்தல், இரவு கிராஃபிஷ் (இறால் போன்ற நன்னீர்ப் பிராணி) சாப்பாடு, மறுநாள் திரும்பல். காலம், இடம், காசு போய்ச் சேரும் கை மூன்றுமே இதில் தவறு. அடுத்த நிரலைப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் காலம். இங்குள்ள முதலையான அலிகேட்டர் குளிர் ரத்தப் பிராணி. வெப்பம் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அசைவற்று அடங்கிவிடும். கரை வளையிலும் சேற்றிலும் முடங்கிக் கிடக்கும். நவம்பர் கடைசியில் நல்ல வெயில் அடித்தால் ஒன்றிரண்டு கரையேறும், அவ்வளவுதான். கிராஃபிஷுக்கும் அது பருவமில்லை. அப்போது தட்டில் வருவது உறைய வைத்த வால் சதை. அதிலும் சீனாவிலிருந்து வந்தது நிறைய. ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை வாருங்கள். கிராஃபிஷ் கொழுத்திருக்கும், முதலை வெளியே கிடக்கும், இளஞ்சிவப்புக் கரண்டிவாயன் பறவைகள் கூடு கட்டியிருக்கும், ஜூன் 1இல் தொடங்கும் சூறாவளிப் பருவமும் வந்திருக்காது. கொசு மட்டும் எப்போதும் உண்டு.

படகு விஷயம். ஏர்போட்டின் விசிறிச் சத்தத்துக்குப் பறவைகள் தொலைவிலேயே கிளம்பிவிடும். கைக்குழந்தைகளுக்கும் அது ஆகாது. சிறிய தட்டைப் படகு கேளுங்கள். காசே செலவில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் மரேரோ அருகிலுள்ள பராடாரியா காப்பகத்துக்குப் போங்கள். தேசியப் பூங்காத் துறையின் இடம், மரப்பலகை நடைபாதையிலேயே சைப்ரஸ் மரக் காட்டுக்குள் நடக்கலாம். முதலைக்கு மார்ஷ்மெல்லோ எறிந்து கூப்பிடும் படகோட்டி கிடைத்தால் குழந்தைகள் குதூகலிப்பார்கள். ஆனால் மனிதனைக் கண்டால் தீனி என்று பழகிய முதலை அடுத்து வீடுகளின் படகுத் துறைக்கு வரும், பிறகு சுட்டுக் கொல்லப்படும். எறிய வேண்டாம் என்று படகில் ஏறுமுன்னே சொல்லிவிடுங்கள்.

இந்த முதலைகள் பிழைத்த கதையே தனி. வேட்டையாடித் தீர்த்ததால் 1962இல் லூசியானா வேட்டையை மூடியது. 1972இல் கட்டுப்பாட்டோடு மறுபடி திறந்தது. சதுப்பில் பெரும்பகுதி தனியார் நிலம். காட்டுக் கூடுகளிலிருந்து முட்டை எடுக்கும் பண்ணைக்காரர்கள் நில உரிமையாளருக்குக் காசு கொடுக்கிறார்கள், வளர்த்த குட்டிகளில் ஒரு பங்கைத் திரும்பச் சதுப்பில் விடுகிறார்கள். சதுப்பைச் சதுப்பாகவே வைத்திருப்பதில் உரிமையாளருக்கு ஆதாயம் இருக்கிறது. தனியார் நிலம் என்பதால், கண்ட கால்வாயில் படகை விடுவது அத்துமீறல் என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்து இடம். நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஹூமா நகரம் காரில் ஒரு மணி நேரம். அங்கிருந்து தெற்கே பயூக்கள் கைவிரல்களைப் போல் பிரிகின்றன. ஒவ்வொரு பயூவின் ஓரத்திலும் ஆறு பழங்காலத்தில் வண்டல் கொட்டி உயர்த்திய ஒரு மேட்டு வரப்பு உண்டு. சாலை, வீடு, தேவாலயம், இறால் படகு எல்லாம் அந்த ஒடுங்கிய வரப்பின் மேல்தான். பின்னால் சதுப்பு, அதற்கும் பின்னால் கடல். வழியில் இலையும் பட்டையும் இல்லாமல் சாம்பல் நிறத்தில் வரிசையாக நிற்கும் மரங்கள் நன்னீர் சைப்ரஸ்கள். உப்பு ஏறிச் செத்தவை. 1927 வெள்ளத்துக்குப் பின் மிசிசிப்பி ஆற்றுக்கு முழுக்கக் கரை கட்டியதில் வண்டல் வரத்து நின்றது. எண்ணெய் நிறுவனங்கள் வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் உள்ளே வந்தது. நிலம் தன் எடையில் அமிழ்ந்துகொண்டே இருக்கிறது. 1932இலிருந்து 2016 வரை கடலுக்குப் போனது சுமார் 4,800 சதுர கிலோமீட்டர். தென்னமெரிக்காவிலிருந்து ரோமத்துக்காகக் கொண்டுவந்த நியூட்ரியா என்னும் பெரிய எலி, புல்லை வேரோடு தின்று தன் பங்கைச் செய்கிறது. அதன் வால் ஒன்றுக்கு அரசு 6 டாலர் தருகிறது.

ஐல் டி ஜான் சார்லஸ் என்ற தீவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1955க்குப் பிறகு அதன் நிலத்தில் 98 விழுக்காடு போய்விட்டது. அங்கிருந்த சாக்டா பழங்குடிக் குடும்பங்களை வடக்கே 40 மைல் தள்ளிக் குடியேற்ற 2016இல் 4.8 கோடி டாலர் ஒதுக்கி, 2022இல்தான் முதல் வீடுகளைக் கொடுத்தார்கள். தீவுக்கு ஒரே சாலை. தெற்குக் காற்று பலமாக அடித்தால் தண்ணீர் மேலே ஏறிவிடும். காற்றைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். குடிபெயர்ந்து போனவர்கள் இன்னும் மீன் பிடிக்க வந்துபோகும் இடம் அது. இடிந்த வீட்டின் முன் நின்று குழுப்படம் எடுக்க வேண்டாம்.

இனி காசு. இந்தப் பயூக்களைப் பிழைக்க வைத்திருக்கும் தொழில்களில் முக்கியமானது இறால். அந்தத் தொழிலை நசுக்குவதில் நமக்கும் தொடர்பு உண்டு. அமெரிக்கர்கள் தின்னும் இறாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி. அனுப்பும் நாடுகளில் பல ஆண்டுகளாக முன்னணியில் இருப்பது இந்தியா. பெரும்பகுதி ஆந்திரக் குளங்களில் வளர்த்த வனாமி வகை இறால். நம் ஊர் விவசாயியைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பயூவுக்கே வந்து உட்கார்ந்து வனாமி தின்றுவிட்டுப் போவது என்ன கணக்கு? இறக்குமதி இறாலோ கிராஃபிஷோ பரிமாறும் உணவகம் அதை அறிவிக்க வேண்டும் என்று லூசியானாவில் சட்டமே இருக்கிறது. ஆர்டர் கொடுக்குமுன் கேளுங்கள்.

அதைவிட நல்லது படகிலிருந்தே வாங்குவது. பழுப்பு இறால் வழக்கமாக மே நடுவில் தொடங்கி ஜூலை வரை. வெள்ளை இறால் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை. மாதிரி வலை போட்டுப் பார்த்துத்தான் மாநில அரசு ஆண்டுதோறும் தேதியை அறிவிக்கும். பழுப்பு இறாலின் தலை ஓட்டில் முள்ளின் இருபுறமும் நீளப் பள்ளம் ஓடும். வெள்ளையில் அது கிடையாது, மீசை நீளமாக இருக்கும். பழுப்பில் கடல் வாசனை தூக்கல், நம் தொக்குக்கும் குழம்புக்கும் அதுதான் சரி. வறுவலுக்கு வெள்ளை.

தலையோடு வாங்கும் 10 பவுண்டில் தலை போனால் 6 பவுண்டு சொச்சம், ஓடும் உரித்தால் 5தான் தேறும்; ஆள் கணக்கை அதற்கேற்பப் போடுங்கள். ஐஸ் பெட்டியின் வடிகால் அடைப்பைத் திறந்தே வையுங்கள். உருகிய நீரில் ஊறினால் சுவை போய்ச் சதை தொளதொளத்துவிடும். தலையை அன்றே கிள்ளிவிடுங்கள், கறுப்புப் புள்ளி விழுவது தலையிலிருந்துதான் தொடங்கும். புள்ளி விழுந்தாலே கெட்டுப்போனது என்று கொட்டவும் வேண்டாம், மூக்கை நம்புங்கள். ஃப்ரீசரில் போடுவதானால் ஓட்டோடு பையில் இட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். வெறுமனே வைத்தால் நாராகக் காய்ந்துவிடும்.

தமிழ்ப் பள்ளி நடத்தும் சங்கங்களுக்கு இன்னொன்று. இந்தப் பயூக்களின் பழைய வீட்டு மொழி பிரெஞ்சு. லூசியானாவின் 1921 அரசியல் சட்டம் பள்ளிகளில் அதைத் தடுத்தது. வீட்டு மொழி பேசிய பிள்ளைகள் தண்டனை வாங்கினார்கள். ஹூமா பழங்குடிப் பிள்ளைகளுக்கோ 1960கள் வரை வெள்ளையர் பள்ளியில் இடமே கிடையாது. பொவான்ட் ஓ ஷேன் ஊரில் 2021இல் தொடக்கப்பள்ளியை மூடினார்கள். ஊரார் விடவில்லை, 2023இல் பிரெஞ்சு வழிப் பள்ளி திறந்தது. பிள்ளைகளை அழைத்து வருகிறீர்கள் என்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பாருங்கள். துறையில் இறால் வாங்கும்போது பெரியவர்களிடம் ஒரு ‘போன்ஜூர்’ சொன்னாலே பேச்சு நீளும்.

ஹூமாவுக்குத் தெற்கே பெரிய பேருந்து வேண்டாம். வேன்களாகப் பிரித்து வாருங்கள். பெட்ரோலை ஹூமாவிலேயே நிரப்புங்கள். தெற்குக் கோடியிலுள்ள கோகோட்ரி என்ற ஊரோடு சாலை முடிந்துவிடும், வந்த வழியேதான் திரும்ப வேண்டும்.

இப்படிக்கு,
தென் லூசியானாவில் வாழும் தமிழர் சிலர்