ஹரியற் வின்சுலோவின் குடிவழி தேட உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய அன்பர்களுக்கு,

யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியில் படித்த என் அம்மம்மா, அதைத் தொடங்கிய அமெரிக்கப் பெண்மணி ஹரியற் வின்சுலோவை ‘வின்சுலோ அம்மா’ என்று மட்டுமே சொல்வார். அந்த அம்மாவின் தாய் தகப்பன் யார், அவர் விட்டுச்சென்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நான் தேடத் தொடங்கியபோது என் கையில் இருந்த செய்திகள் இரண்டே: அவர் 1824-இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி அமைத்தார், 1862-இல் வெளிவந்த தமிழ் ஆங்கில அகராதியைத் தொகுத்த மைரன் வின்சுலோ அவருடைய கணவர்.

முதல் நன்றி கனெக்டிகட் மாநிலத்து நோர்விச் நகர அன்பருக்கு உரியது. நான் மாதக்கணக்கில் ‘வின்சுலோ’ என்ற பெயரையே துருவிக்கொண்டிருந்தேன். அது கணவர் வீட்டுப் பெயர் என்பதும், 1819 சனவரியில் மணமாகும் வரை அவர் லாத்ரொப் வீட்டுப் பெண் என்பதும் தாங்கள் சொன்ன பின்பே உறைத்தன. (தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு வாழ்ந்து பழகிய நமக்கு இதில் சறுக்குவது எளிது.) 1850-க்கு முந்திய அமெரிக்கக் குடிக்கணக்கில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது, ஏனையோர் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கையாக நின்றனர். ஆகையால் 1796-இல் பிறந்த ஒரு சிறுமியை அங்கே பெயரிட்டுக் காண வழியில்லை. தாங்கள் நகரப் பிறப்புப் பதிவுகளைப் புரட்டி, சார்ள்சு லாத்ரொப், யோவன்னா லெஃபிங்வெல் இணையரின் மகளாக அவரைக் காட்டினீர்கள். அங்கிருந்து, 1634-இல் கடல் கடந்து வந்த போதகர் யோன் லாத்ரொப் வரை ஏறிச்செல்லவும் வழி காட்டினீர்கள். ஹரியற்றின் தங்கைமார் மூவரும் மிசனறிமாரை மணந்து தமிழர் வாழும் நாடுகளுக்கே வந்தனர் என்பதும் தங்கள் மடலால்தான் எனக்குத் தெரிந்தது.

அமெரிக்க மிசன் என்ற கிறித்தவச் சபையின் ஆவணங்களைப் பேணும் ஹாவர்ட் பல்கலைக்கழக ஹவுற்றன் நூலகத்தாருக்கும் என் நன்றி. அவர்களோடு பேசியபோதுதான் ஒரு வேடிக்கை புரிந்தது: பழைய கடிதங்களில் உடுவில் ‘ஊடூவில்’ என்றும், வட்டுக்கோட்டை ‘பட்டிக்கோட்டா’ என்றும், தெல்லிப்பழை ‘தில்லிப்பள்ளி’ என்றும் இருக்கின்றன. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடியவனுக்கு எப்படி அகப்படும்? உடுவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியரான அக்கா ஒருவர் இந்தப் பெயர்களை வரிசையாகப் பொருத்தி எழுதித் தந்தார். பண உதவி செய்த அமெரிக்கரின் பெயரைத் தமிழ் மாணவிகளுக்குச் சூட்டும் வழக்கம் அக்காலத்தில் இருந்ததையும் அவரே எடுத்துச் சொல்லி, பதிவேட்டில் அமெரிக்கப் பெயர் கண்டவுடன் துள்ளாதே என்று என்னைக் கண்டித்தார். அந்தக் கண்டிப்புக்கு நான் பெரிதும் கடமைப்பட்டவன்.

எல்லாவற்றிலும் பெரிய திருத்தம் பிலடெல்ஃபியா அன்பரிடமிருந்து வந்தது. ஹரியற்றின் மகளுக்கும் ஹரியற் என்றே பெயர். நானோ இருவரையும் ஒருவராக்கி, 1833 சனவரி 14-இல் உடுவிலில் இறந்த தாய்க்கு அதற்குப் பின் நடந்த திருமணம் ஒன்றையும் ஏற்றியிருந்தேன். யோன் வெல்சு டலஸ் என்ற போதகரை மணந்தவர் மகளே என்று தாங்கள் பிரித்துக் காட்டியதும் மீதிக் கிளைகள் தாமாக விரிந்தன. அந்த மகளின் மகன் ஆலன் மேசி டலஸ். அவருடைய பிள்ளைகள்தாம் 1953-இல் அமெரிக்க வெளியுறவுச் செயலரான யோன் பொஸ்டர் டலசும், அதே ஆண்டு அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் இயக்குநரான ஆலன் டலசும். உடுவில் வின்சுலோ அம்மாவின் பூட்டப்பிள்ளைகள் அவர்கள் என்று என் அம்மம்மாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

குடிவழி வரைபடத்தின் படிகளைத் தங்கள் ஒவ்வொருவருக்கும் தபாலில் அனுப்பியுள்ளேன். தாய் ஹரியற்றையும் மகள் ஹரியற்றையும் அதில் இரு வேறு நிற மையில் எழுதியிருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உதவியை மறவாத,
உடுவில் பழைய மாணவி ஒருவரின் பேரன்