சியாச்சின் நினைவுகளில் விடுபடும் 14 நாள்

ஆசிரியருக்கு,

சியாச்சினில் பணியாற்றிய முன்னாள் ராணுவத்தினர் பழைய கதை பேசினால் பனியும் குளிரும் தவறாமல் வரும். மேலே ஏறுவதற்கு முன் காத்திருந்த நாள்கள் மட்டும் விட்டுப்போகும். உயிரைக் காப்பதே அந்த நாள்கள்தான்.

9,000 அடியைத் தாண்டியதும் 6 நாள், 12,000 அடிக்கு மேல் 4 நாள், 15,000 அடிக்கு மேல் இன்னொரு 4 நாள் என, ஆக்ஸிஜன் குறைந்த மலைக்காற்றுக்கு உடலைப் பழக்க வேண்டும். முதல் 2 நாள் முழு ஓய்வு. அடுத்த 2 நாள் சமதரையில் மெதுநடை. லேசான ஏற்றம்கூட 5-ஆம் நாளில்தான்.

கோட்டை விடுவது பெரும்பாலும் திடகாத்திரமான இளைஞர்கள்தான். 'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்' என்று இரண்டாம் நாளே ஓடிப் பார்ப்பார்கள். இரவில் வறட்டு இருமல் தொடங்கும். படுத்தால் மூச்சு முட்டும். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று அர்த்தம். இருமல் மருந்து கொடுத்துக் காலைவரை பார்ப்பது ஆபத்து. ஆக்ஸிஜன் கொடுத்து உடனே கீழே இறக்க வேண்டும்.

நீண்ட விடுப்பில் ஊருக்கு வந்து திரும்புபவர்களும் முதலிலிருந்து பழக வேண்டும். விமானத்தில் லடாக்கின் லே நகருக்குப் போய் இறங்கி, மறுநாளே உயரமான கார்துங் லா கணவாய்க்கு ஏறும் நம்மூர் சுற்றுலாப் பயணிகளுக்கும் இதைச் சொல்லுங்கள். லே நகரமே 11,500 அடி உயரம்.

முன்னாள் படைவீரர்கள் சிலர்,
வேலூர் மாவட்டம்