மணலில் கிடந்த கம்பியும் பியூஸ் பெட்டிக்குள் கிடக்கும் கம்பியும்

மட்டக்களப்பில் மின்விநியோகத்துக்குப் பொறுப்பான ஐயாமாருக்கு,

வணக்கம். களுதாவளைப் பக்கம் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன் நான். கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

போன கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் தென்னை மட்டை விழுந்து லைன் ஒன்று அறுந்தது. கம்பி காய்ந்த மணலில் கிடந்தது, பொறியும் இல்லை, புகையும் இல்லை, அதற்கு முந்திய வீடுகளில் ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மேய்ந்தபடி அதை நோக்கி வந்த மாட்டைப் பிள்ளைகள்தான் கத்தி விரட்டினார்கள். கம்பி விழுந்தால் பியூஸ் போய்விடும் என்றுதான் சனம் நினைக்கிறது. காய்ந்த மணலின் தடை 100 ஓம் என்றே வைத்தாலும் 230 வோல்ட்டுக்கு ஓடுவது 2.3 அம்பியர்தான், 100 அம்பியர் பியூஸுக்கு அது ஒரு கடியே இல்லை. ஆனால் ஆளைக் கொல்ல மில்லி அம்பியர் கணக்கே போதும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியரில் விழும்தான், ஆனால் அது வீட்டுக்குள் மட்டும் காவல்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் இருக்கிறது, கரண்ட் அளவுக்கு மிஞ்சிப் பாய்வது. 160 கேவிஏ கொள்ளளவுள்ள ட்ரான்ஸ்போமர் முழு லோடில் தருவது ஏறத்தாழ 231 அம்பியர். அதன் இம்பீடன்ஸ், அதாவது கரண்டை உள்ளே தடுக்கும் அளவு, 4 வீதம் என்றால், ட்ரான்ஸ்போமர் வாயிலேயே ஷோர்ட் ஆகும்போது முழு லோடைப்போல 25 மடங்கு, கிட்டத்தட்ட 5,800 அம்பியர் பாயும். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால் 625 மடங்கு! பெரிய உபநிலையங்களில் இந்தப் பாய்ச்சலை அடக்க ரியாக்டர் என்ற கம்பிச் சுருள் போடுவீர்கள், எங்கள் போஸ்டில் உள்ள பியூஸ் பெட்டியில் அந்த வேலையைச் செய்ய இருக்க வேண்டியது ஒரு நல்ல எச்ஆர்சி பியூஸ்தான், பெரிய ஷோர்ட்டையும் வெடிக்காமல் அறுக்கிற வகை. பெரிய ஷோர்ட் வந்தால் கரண்ட் உச்சிக்கு ஏற முதலே, சில மில்லி செக்கனில் அறுத்துவிடும்.

அந்த பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ தடித்த செப்புக் கம்பியை முறுக்கி வைத்திருக்கிறார்கள். யார் என்று சொல்ல வரவில்லை, அடிக்கடி பியூஸ் போகுதென்று சனமும் சேர்ந்து கரைச்சல் கொடுத்திருக்கும். மணலில் கம்பி விழுந்தாலும் அறுக்காது, ஷோர்ட் ஆனாலும் அறுக்காது என்றால் அது அங்கே எதற்கு?

மணல் ஒழுங்கைகளில் தென்னைக்குக் கீழே போகும் வெறுங்கம்பியைக் கழற்றிவிட்டு, உறை போட்ட முறுக்குக் கேபிள் இழுங்கள். செலவுதான், தெரியும். அதற்கு நாள் எடுக்கும் என்றால், கச்சான் எழும்ப முதல் ஒருவரை அனுப்பி அந்தப் பெட்டியை மட்டுமாவது திறந்து பாருங்கள். ஏணி நான் பிடிக்கிறேன், தேத்தண்ணியும் தருகிறேன்.